காளீஸ்வரன் பங்கில் விழுந்த நிழல்

எங்கள் ஊரில் வெயிலுக்குச் சட்டம் உண்டு. மழைக்குக் கிடையாது. வராத ஆளுக்கு எதற்குச் சட்டம்? வெயில் மட்டும் தவறாமல் வருவதால் அதைப் பங்கு போட்டு, கோடு கிழித்து, காவலும் வைத்திருக்கிறார்கள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் ஏறி எங்கள் விலக்கில் இறங்கினால் முதலில் தெரிவது அம்மன் கோயில் வேம்பு. வேம்புக்கு வடக்கே ஒரே ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னால் வண்டிப்பாதை. பாதையைத் தாண்டினால் ஊர்ப் பொதுக்களம். தை பிறந்தால் காட்டில் குண்டு மிளகாய் பழுக்கும். பறித்த பழத்தை எல்லாரும் இந்த ஒரே களத்தில்தான் காயப்போட வேண்டும். அம்மன் முன்னால் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பங்கு கொடுப்பார்கள். விழுந்த பங்கை மாற்ற முடியாது. அம்மன் கொடுத்தது.

அன்றிலிருந்து சித்திரை வரைக்கும் களத்தின்மேல் நிழல் விழக்கூடாது. காயும்போது நிழல் பட்ட வத்தல் வெளுத்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. வெளுத்த வத்தல் ஒரு கை கலந்திருந்தால் போதும், அருப்புக்கோட்டை வியாபாரி மூட்டையையே ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதனால் நட்டது எதுவும் களத்தில் நிழல் போடக்கூடாது, நடக்கிறது போடலாம் என்று வைத்திருக்கிறார்கள். வைக்கோல் படப்பு, சுவர், பந்தல் எல்லாம் நட்டது. மனுஷன், ஆடு, காக்காய் எல்லாம் நடக்கிறது. வண்டிதான் இரண்டுங்கெட்டான். மாடு பூட்டிய வண்டி நடக்கிற கணக்கு. மாட்டை அவிழ்த்துவிட்டால் அந்த நிமிஷமே நட்ட கணக்கு. மூட்டை ஏற்றி முடிகிற வரைக்கும் நுகத்தடியில் மாடுகள் அலுத்துப்போய் நிற்கும். களத்து ஓரத்தில் இருக்கிற செல்லப்பாண்டி வீட்டு டிவி ஆண்டெனாவைத் தை ஒன்றாம் தேதி கழற்றிப் படுக்கப்போட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் மழை பெய்கிற ஒரே இடம், தை முதல் சித்திரை வரைக்கும் அவர் வீட்டு டிவிதான்.

இதற்கெல்லாம் காவல் அருஞ்சுனை. மற்ற மாதங்களில் அவருக்காக டீக்கடையில்கூட யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள். தை பிறந்தால் அவர் கையில் சுண்ணாம்பு டப்பா வந்துவிடும். அவர் கிழித்த கோடுதான் கோடு.

அந்த ஓட்டு வீடு என் சித்தி சந்தனத்துடையது. அம்மாவின் தங்கை. சின்ன வயதில் அருப்புக்கோட்டையில் ஒரு ரெடிமேட் கடையில் பித்தான் துளைக்குக் காஜா போட ஆரம்பித்து, தானாகவே வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொண்டவள். சித்தப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போனார். வருஷத்துக்கு ஒருதரம் வந்துகொண்டிருந்தார். பிறகு அந்த ஒருதரமும் வரவில்லை. தையல் மிஷினோடு நின்ற சித்திக்கு ஊர் ஒதுக்கிக் கொடுத்த இடம்தான் வேம்பின் நிழல் விழுகிற அந்தத் துண்டு நிலம். நிழல் விழுவதால் அங்கே எதுவும் காயாது. காயாததால் யாருக்கும் அது வேண்டாம். அதனால் சித்திக்குக் கிடைத்தது.

காலையில் மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கக் கூலிக்குப் போவாள். திரும்பி வந்து தைப்பாள். வேம்பு தயவில் அந்த வீட்டில் மத்தியானமே அந்தி மாதிரி இருக்கும். அந்தி வந்தால் ஊசித்துளை தெரியாது. சிம்னி விளக்கைப் பக்கத்து முக்காலியில் வைத்துக்கொண்டுதான் மிஷினை மிதிப்பாள்.

காளீஸ்வரன் மகள் கஸ்தூரிக்குக் கல்யாணம் வந்தது. ஊரிலேயே அதிகம் மிளகாய் போடுகிற வீடு. பட்டுச் சேலைக்கு ஓரம் அடிக்கவும் ஜாக்கெட் தைக்கவும் சித்தியிடம்தான் கொடுத்தார்கள். எல்லாம் முடித்து மடித்தும் வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது அடையும் நேரத்தில் கஸ்தூரி தனியாக வந்தாள்.

"அக்கா, கைக்கு உப்பலா பப் வச்சுத் தாங்கக்கா. டவுனுப் பொண்ணுக எல்லாம் பப் கைதேன் போடுதுக."

"பொழுது போச்சுத்தா. நாளைக்குத் தாலி, இப்ப வந்து கேக்குற. பட்டுல கை வைக்க வெளிச்சம் பத்தாது."

கஸ்தூரி அழ ஆரம்பித்தாள். கல்யாணப் பெண் அழுதால் யார்தான் தாங்குவார்கள். சித்தி சிம்னியைப் பொருத்தினாள். நான் அன்றைக்கு அங்கேதான் பித்தான்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மடித்து வைத்திருந்த பட்டுச் சேலையின் முந்தி நழுவி முக்காலியை இழுத்தது. விளக்கு கவிழ்ந்தது. தலைமுடி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம். ஜாக்கெட் போயிற்று, முந்தியில் பாதியும் போயிற்று. கஸ்தூரி இரவல் சேலையில் மணையில் உட்கார்ந்தாள்.

காளீஸ்வரன் வாசலில் வந்து நின்று சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"எம் மக கல்யாணத் துணி உன் விளக்குல கருகிருச்சு. இந்த வீட்டுல தீ எரியிற வரைக்கும் எங்க தெருத் துணி ஒண்ணு இங்கன வராது, சந்தனம்."

பப் கை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சித்தி என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

அவர் தெரு என்றால் ஊரில் முக்கால்வாசி. மீதிக் கால்வாசிக்கும் அவர் காட்டில்தான் வேலை. துணி வருவது நின்றது. சித்தி மிஷின்மேல் சாக்கைப் போட்டு மூடினாள். அடுப்பை வீட்டுக்குப் பின்னால் வெளியே கொண்டுபோய் வைத்தாள். இருட்டிய பிறகு அந்த வீட்டில் தீக்குச்சி கிழிப்பதில்லை. இருட்டிலேயே சாப்பிட்டு இருட்டிலேயே படுப்பாள். "கையி வாய்க்கு வழி தெரியாமயா இருக்கு" என்பாள்.

கரண்டுக்கு எழுதிப்போட்டாள். நிலம் புறம்போக்கு, பட்டா இல்லை, கம்பம் நட முடியாது என்றார்கள். இப்படியே இரண்டு வருஷம் போனது. தொண்ணூற்று நான்கில் அவளும் நானும் விருதுநகர் பொருட்காட்சிக்குப் போனோம். நான் ராட்டினத்துக்காகப் போனேன். அங்கே ஒரு கடையில் நீலக் கண்ணாடித் தட்டு ஒன்றை வெயிலில் சாய்த்து வைத்து, ஒயரின் மறுமுனையில் குழல் விளக்கை எரியவிட்டிருந்தார்கள். சித்தி விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். கடைக்காரர் பதறிப்போய்த் தடுத்தார்.

"இதுல துணி பட்டா எரியுமா?" என்று கேட்டாள்.

"எரியாதும்மா."

"எப்பவுமே எரியாதா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காதில் கிடந்த தோடும், வீட்டில் இருந்த ஆடுகளும் அந்தத் தட்டாகவும் ஒரு பாட்டரியாகவும் மாறி வந்தன. மிஞ்சியது ஒரு கிடா. மைனர் என்று நான் பேர் வைத்தது. பேருக்கேற்ற நடத்தை.

வைக்கிறதுக்கு முன்னால் முறைப்படி கேட்டுவிட வேண்டும் என்று சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனாள். ஒரு இடத்தில், கட்டடம் என்றால் எங்களிடம் வா, இது கட்டடம் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில், எங்கள் கம்பியைத் தொடாத வரைக்கும் நீ எங்கள் ஆள் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் ரொம்ப நேரம் யோசித்தார். "இத வைக்கக் கூடாதுன்னும் சட்டம் இல்ல, வைக்கலாம்னும் இல்ல. உங்க ஊர்ல என்ன வழக்கமோ பாத்துக்கங்க" என்றார். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

கூரைமேல் வேம்பின் நிழல். அதில் தட்டை வைத்தால் விளக்கு எரியாது. அதனால் வீட்டின் வடக்கு ஓரத்தில் உயரமான கம்பம் நட்டு, நிழலைத் தாண்டி மேலே தட்டை ஏற்றினோம். அப்போது ஐப்பசி. களம் காலியாகக் கிடந்தது. தட்டின் நிழல் எங்கே விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

விளக்கு எரிந்த அன்று பெண்கள் வந்து பார்த்தார்கள். பேச்சி அத்தை குழல் விளக்கின் இரண்டு முனையையும் தடவி, "திரி எங்கனக்குள்ள இருக்கு" என்றாள். தீ இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. காளீஸ்வரன் சொன்ன வார்த்தையைச் சித்தி அப்படியே நிறைவேற்றியிருந்தாள். முதலில் ஒரு பாவாடை நாடா வந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடச் சட்டை. மார்கழி கழிவதற்குள் பங்குனிப் பொங்கலுக்கான துணிகள் மூட்டையாய் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் பேர் எழுதித் துண்டுத்துணி குத்தி வைத்தாள். சித்தி அந்த மூட்டையைக் கடக்கும்போது, தூங்குகிற பிள்ளையைத் தாண்டாமல் போகிற மாதிரி சுற்றிக்கொண்டு போவாள். இந்த ஒரு பொங்கலுக்குச் சொன்ன நாளில் கொடுத்துவிட்டால் ஊர் திரும்ப அவளை நம்பும். கொடுக்காவிட்டால் இனி எந்த விளக்கு வைத்தும் பிரயோஜனம் இல்லை.

தை பிறந்தது. சீட்டுக் குலுக்கினார்கள். களத்தின் முதல் பங்கு, சித்தி வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற பங்கு, காளீஸ்வரனுக்கு விழுந்தது. எல்லாம் அம்மன் விளையாட்டு என்றார் பூசாரி. இந்த ஊரில் என்னைவிடக் குறும்பு பிடித்த ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பழம் கொட்டிய மறுநாள் உச்சிவேளையில் காளீஸ்வரன் தன் பங்கின் நடுவில் குனிந்து நின்றார். சிவப்பு மிளகாய்மேல் கறுப்பாக, கதவு மாதிரி ஒரு நிழல்.

"ஏலே அருஞ்சுனை, இங்கன வா. இது என்னது?"

"நெழலு."

"யாரு நெழலு?"

அருஞ்சுனை அண்ணாந்து பார்த்தார். "சந்தனம் தட்டு நெழலு."

"நட்டதா, நடக்கிறதா?"

"நட்டதுதேன் மச்சான்."

"பெறகு என்னத்த முழிக்கிற? சுண்ணாம்ப எடு."

அருஞ்சுனை நிழலைச் சுற்றிக் கோடு போட்டார். நாலாவது பக்கம் போடுவதற்குள் நிழல் முதல் கோட்டைத் தாண்டி நகர்ந்துவிட்டது. திரும்பப் போட்டார். திரும்ப நகர்ந்தது. நான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் சித்தி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை, நிழல் தெரிகிற நேரமாகப் பார்த்து உச்சியில் ஊர் கூடியது. வேம்படியில் ஆண்கள், கோயில் சுவர் ஓரமாய்ப் பெண்கள். சித்தி நடுவில்.

"கம்பத்தக் குட்டையாக்கு" என்றார் அருஞ்சுனை.

"குட்டையாக்குனா வேம்பு நெழலுக்குள்ள போயிரும் மாமா. வெளக்கு எரியாது."

"அப்ப வேம்ப வெட்டணுங்கிறியா?"

"சாமி மரத்த நான் ஏன் மாமா சொல்லப்போறேன்."

பேச்சி அத்தை மட்டும் வாயைத் திறந்தாள். "எம் மகளுக்குச் சட்டைத்துணி அங்கனதேன் கெடக்கு. பங்குனிப் பொங்கல் வரைக்கும் விடுங்க. பெறகு பாத்துக்கிருவோம்."

காளீஸ்வரன் அவள் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"பங்குனி வரைக்கும் விட்டா அதுக்குப் பெறகு யாரு வந்து பிடுங்குவா? இன்னைக்குத் தட்டு. நாளைக்குச் செல்லப்பாண்டி ஆண்டெனாவ நட்டுக்கிருவான். அடுத்த வருசம் எவனாச்சும் மாடி கட்டுவான். களத்துக் கோடு ஒருதரம் அழிஞ்சா அழிஞ்சதுதேன். எனக்கு அந்தப் பிள்ளமேல கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இத அதுக்காகப் பேசல."

அதுதான் பெரிய தொந்தரவு. அவர் சொன்னதில் பொய் இல்லை. பொய் இருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன்.

நாளை உச்சிக்குள் கம்பம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஊரே இறக்கும். துணி கொடுத்தவர்கள் அவரவர் துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் முடிவு. பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி அப்போதே சித்தி வீட்டு வாசலைப் பார்த்தாள், தன் துணி எந்த அடுக்கில் இருக்கிறது என்பது போல.

சாயங்காலம் சித்தி விளக்கைப் போட்டுக்கொண்டு வேகமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் முடித்துவிடப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மிஷின் சத்தத்தில் ஒரு பதற்றம் இருந்தது. நான் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு வரிசையாக யோசனை சொன்னேன்.

"அருஞ்சுனை மாமா டப்பாவுல சுண்ணாம்புக்குப் பதிலா மாவக் கலந்துருவோமா? எறும்பே கோட்டத் தின்னுரும்."

"நெழலத் தின்னுமா?"

"சரி, நான் கஸ்தூரியக்கா வீட்டுக்குப் போறேன். பிரசவத்துக்கு வந்துதான இருக்காக. பப் கைய யாரு கேட்டதுன்னு அவுக அப்பா முன்னாடி சொல்லச் சொல்றேன்."

மிஷின் நின்றது. சித்தி திரும்பினாள்.

"நிறைமாசப் பிள்ளய அப்பன் முன்னால கொண்டுபோய் நிறுத்துவியா நீ? அந்த வாசப்படிய மிதிச்ச, இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"நீ மட்டும் எதுக்குத் திருடி மாதிரி நிக்கணும்?"

"நாந்தான வெளக்கப் பொருத்துனேன். அவ கேட்டா. பொருத்தினது நான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெளியே யாருடைய வண்டியோ மூட்டை ஏற்ற நின்றது. மாடுகள் நுகத்தடியோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"பேசாம தட்டுக்கும் ஒரு மாட்டப் பூட்டிவிடு" என்றேன் எரிச்சலில். "நடக்கிற கணக்குல சேந்துரும்."

சித்தி மிஷின் சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்தாள்.

"தண்ணி வண்டிச் சக்கரம் நல்லா ஓடுதா?" என்று கேட்டாள்.

மறுநாள் வெயில் ஏறுமுன் கம்பத்தைச் சித்தியே இறக்கினாள். நான் அடியில் பிடித்துக்கொண்டேன். குடம் வைத்துத் தண்ணீர் இழுக்கிற சைக்கிள் சக்கர வண்டியில், குடத்துக் கிராதிக்கு மேல் தட்டை வெயில் பார்க்கச் சாய்த்துக் கட்டினோம். பாட்டரி அடியில். வேம்பு நிழல் எட்டாத வண்டிப்பாதை ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். முன்னால் மைனரைப் பூட்டினோம். அதற்கு நுகத்தடி என்றால் என்னவென்று தெரியாது. கல்யாண மாப்பிள்ளை மாலையைப் போட்டுக்கொள்கிற மாதிரி தலையை நீட்டியது.

உச்சிக்குக் கூட்டம் கம்பத்தைப் பிடுங்கக் கடப்பாறையோடு வந்து, பூட்டிய கிடாவைப் பார்த்து நின்றது. தட்டின் நிழல் காளீஸ்வரன் பங்கின் ஓரத்தில் ஒரு முழம் விழுந்திருந்தது.

"என்ன சந்தனம் இது, கூத்தா?" என்றார் அருஞ்சுனை.

"வண்டி, மாமா. பூட்டின வண்டி."

யாரோ சிரித்தார்கள். காளீஸ்வரன் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"மாடு பூட்டினாத்தேன் வண்டி. இது கிடா."

"அன்னைக்கு உங்க சம்பந்தி வீட்டு ஜட்கா வண்டி இங்கன நின்னுச்சேண்ணே" என்றாள் சித்தி. வண்டி நின்ற இடத்தைக் கைகாட்டினாள். "குதிரதான பூட்டியிருந்துச்சு. யாரும் கோடு போடல."

காளீஸ்வரன் அருஞ்சுனையைப் பார்த்தார். அருஞ்சுனை டப்பாவைப் பார்த்தார். பூட்டியது மாடாக இருக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை. பூட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு. கடப்பாறை கொண்டுவந்தவன் அதைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"சரி" என்றார் காளீஸ்வரன். குரலை உயர்த்தவே இல்லை. "பூட்டின வண்டின்னே வையி. பூட்டின வண்டிக்கு ஆள் வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றார் அருஞ்சுனை மெதுவாக.

"கயிறு ஒரு பெரியாளு கையில இருக்கணும். விட்டுட்டுப் போனா அவுத்த கணக்கு. இதுதான வழக்கம்?"

"அதுதேன்."

"நான் பிடிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"பெரியாளுன்னு சொன்னேன். உங்கையில குடுத்தா பொழுதுசாயக் கிடா எங்க வீட்டு மாடியில நிக்கும்." அவர் சித்தியைப் பார்த்தார். "நீயே பிடி. வெயில் இருக்கிற மட்டும் பிடி. தெனமும் பிடி. பெறகு எப்பப் பழம் பறிக்கப் போவ, எப்பத் துணியத் தொடுவன்னு நானும் பாக்குறேன்."

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். வெயில் இருக்கும்போது கயிற்றைப் பிடித்தால் கூலி போகும். கூலி போனால் அடுப்பு எரியாது. ராத்திரி மட்டும் தைத்து அந்த மூட்டையை முடிக்கவும் முடியாது. சித்திக்கும் அது தெரிந்தது. ஆனாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பிடிக்கிறேன்" என்றாள்.

வேம்பிலிருந்து ஒரு கொத்து இலை காற்றில் கழன்று பாதையில் விழுந்தது. மைனருக்கு அதற்குமேல் சட்டம் தெரியாது. ஒரே தாவு. வண்டி ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. கட்டு அறுந்து தட்டு சரிந்தது. சித்தி கயிற்றை விடாமலே கீழே விழுந்து, மற்ற கையையும் மார்பையும் தட்டுக்கு அடியில் கொடுத்தாள். கிடா இழுத்த இழுப்பில் முழங்கால் தரையில் தேய்ந்துகொண்டே போயிற்று. கடப்பாறைக்காரன் ஓடிப்போய்க் கிடாவின் கொம்பைப் பிடித்தான்.

சித்தி மண்ணில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். மூலையிலிருந்து மூலைக்கு விரலை நகர்த்திக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த விரல் மறுமூலைக்குப் போய்ச்சேருகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. கீறல் இல்லை. முழங்காலிலிருந்து ரத்தம் வந்ததை அவள் பார்க்கவே இல்லை. எழுந்து தட்டைத் திரும்பக் கட்டினாள். திரும்பக் கயிற்றைச் சுற்றிக்கொண்டாள்.

அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த கஸ்தூரி களத்து மேட்டில் தூக்குச்சட்டியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டியை அங்கேயே வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"கயித்த இப்பிடிக் குடுங்கக்கா."

"நீ போத்தா" என்றாள் சித்தி அவசரமாக. "இந்த வெயில்ல எதுக்கு வந்த."

"ஏத்தா கஸ்தூரி" என்றார் காளீஸ்வரன். "வீட்டுக்குப் போ. இது நீ பேசுற எடமில்ல."

"நான் பேச வரலப்பா. வண்டி பிடிக்க வந்தேன்." சித்தியின் கையிலிருந்து கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பப் கை கேட்டது நாந்தேன். பொழுதடைஞ்ச பெறகு போயிக் கேட்டேன். முடியாதுன்னாக. அழுதேன். அதுக்குப் பெறகுதேன் வெளக்கப் பொருத்துனாக."

காளீஸ்வரன் சித்தியைப் பார்த்தார். சித்தி தலையைக் குனிந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும்.

"எந்த வீட்டு ஆளு பிடிக்கணும்னு வழக்கம் இருக்கா மாமா?" என்று கஸ்தூரி அருஞ்சுனையிடம் கேட்டாள்.

"பெரியாளா இருக்கணும். அம்புட்டுதேன்" என்றார் அருஞ்சுனை. அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "சொல்லப்போனா ரெண்டாளுல்ல நிக்குது."

கூட்டம் கலையவும் இல்லை, நிற்கவும் இல்லை. தை வெயில் என்றாலும் உச்சியில் அது தலையைப் பிளக்கும். கஸ்தூரியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. நிற்க முடியாமல் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பக்கம் முழுவதும் நட்டது எதுவும் இல்லாத வெட்டவெளி. அதற்குத்தானே இத்தனை சட்டம். கயிறு எட்டுகிற தூரத்தில் நிழல் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். தட்டின் நிழல். அது அவள் அப்பா பங்கின் ஓரத்தில், மிளகாய்மேல் கிடந்தது.

அவள் போய் அதில் உட்கார்ந்தாள். உடம்புக்குப் போதாது. தலைக்கும் தோளுக்கும் போதும். கயிறு மடியில். மைனர் வேப்பிலையை மென்றுகொண்டு அவளைப் பார்த்தது.

அருஞ்சுனை சுண்ணாம்பு டப்பாவின் மூடியைத் திறந்தார். "என்ன மச்சான், கோடு போடவா?"

காளீஸ்வரன் மிளகாய் கிளறுகிற பலகையை எடுத்துக்கொண்டு மகளிடம் போனார். அவள் காலடியில் கிடந்த பழங்களைப் பார்த்துப் பார்த்து வெயிலுக்குத் தள்ளினார். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் ஒழித்தார். தோள் துண்டை உதறித் தரையில் போட்டார். அவள் அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சித்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. முந்தின நாள் சாயங்காலம் கேட்ட சத்தம் இல்லை, நிதானமாக ஓடியது.

ஒவ்வொருத்தராக நடையைக் கட்டினார்கள். கடப்பாறை எல்லாருக்கும் முன்னால் போயிற்று. நான் மட்டும் வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கிற சாக்கில் அங்கேயே இருந்தேன். நிழல் நகர்ந்துகொண்டே இருந்தது. காளீஸ்வரன் அதற்கு முன்னால் முன்னால் போய் மிளகாயைத் தள்ளிக்கொண்டே இருந்தார். கஞ்சிச் சட்டி மேட்டிலேயே ஆறியது.

"ஏத்தா" என்றார் ஒரு தடவை, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. நெழலு போகுது பாரு."